சீட்டில் எழுதிய பால்: ‘பெண்’ என்ற சொல்லை நம் சட்டம் படித்த கதை

போன மாசம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில், கரிவலம்வந்தநல்லூர் போற டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால், ‘மகளிர்’ என்று எழுதியிருந்த சீட்டில் ஒரு திருநங்கை. வயசு நாற்பது இருக்கும். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. ரெண்டு பேரும் மல்லிகை விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வந்து பூக்கார அம்மாவுக்கு ஒரு கட்டிலிருந்தும், இவருக்கு இன்னொரு கட்டிலிருந்தும் சீட்டு கிழித்தார். இவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“அண்ணே, மகளிர் சீட்டே குடுங்கண்ணே.”

“ரெண்டும் ஃப்ரீதானக்கா. கணக்கு தனித்தனியா காட்டணும், நான் என்ன செய்ய?”

“ஃப்ரீன்னு தெரியும்ணே. நான் அதுக்குக் கேக்கல.”

அவ்வளவுதான். கண்டக்டருக்கும் கோபம் இல்லை, அவருக்கும் இல்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பூக்கார அம்மா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ஆனால் “அதுக்குக் கேக்கல” என்ற வார்த்தை எனக்குள்ளே தங்கிவிட்டது. வேறு எதுக்குக் கேட்டார்? அதைத் தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு இலவசப் பயணம் வந்தது. அடுத்த மாதமே அது திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கு. ‘மகளிர்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையர் அடங்குவார்களா என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தது. 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்தபோதோ, திருநங்கை தலைமையில் இயங்கும் குடும்பம் என்றால் அவரும் ‘குடும்பத் தலைவி’யாகவே கருதப்படுவார் என்று விதியில் எழுதினார்கள். ஒரே அரசு, ரெண்டு வருஷ இடைவெளி, ரெண்டு விதமான பதில். ஒன்றில் பக்கத்து வரி, இன்னொன்றில் அதே சொல்.

இலக்கணக்காரர்கள் முதலில்

பால் என்றால் என்ன என்று தமிழில் முதலில் யோசித்தவர்கள் இலக்கணக்காரர்கள். அவர்களுக்கு இது நடைமுறைச் சிக்கல். வந்தான் என்று சொல்வதா, வந்தாள் என்று சொல்வதா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்தப் பிரச்சினையை எடுக்கிறது. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணைக்கு உள்ள விகுதிகளையே அது ஏற்கும் என்பது அதன் முடிவு.

பிறகு 13-ம் நூற்றாண்டில் பவணந்தியின் நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலில் வை, ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலில் வை என்கிறது. அந்த நூல் பயன்படுத்தும் ‘பேடு’ என்ற சொல் இன்றைக்குக் காயப்படுத்தும் சொல். அது உண்மை. ஆனால் அளவுகோலைக் கவனியுங்கள். உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, மனசு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கிறது.

இடையில் ஒரு சின்னத் திருத்தம். இந்த விஷயம் பேசும்போதெல்லாம் நண்பர்கள் “உங்க ஊர் சாமியே பாதி ஆண் பாதி பெண்தானே” என்பார்கள். இல்லை. அது திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர். எங்க ஊர் சங்கரநாராயணர் பாதி சிவன், பாதி விஷ்ணு. அந்த இணைப்பைப் பார்க்கக் கோமதி அம்மன் இருந்த தவம்தான் ஆடித்தபசு. தவிர, கோயில் சிலையை வைத்து யாருக்கும் ரேஷன் கார்டு கிடைத்ததில்லை. ஆகவே சட்டத்துக்கு வருவோம்.

எழுதாமல் விட்ட விளக்கம்

1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 10-ம் பிரிவு, ‘பெண்’ என்றால் எந்த வயதிலும் உள்ள பெண்பால் மனிதர் என்றது. பெண் என்றால் பெண்பால், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்த இடத்தில் அதே ஆட்சி கொடூரமாக நடந்துகொண்டது. 1871-ன் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியாவில் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. தாங்களே ஒப்புக்கொண்டாலோ, மருத்துவச் சோதனையில் தெரிந்தாலோ ‘ஆண்மையற்ற ஆண்கள்’ என்று பதிவு. அப்படிப் பதிவானவர் பெண் உடையிலோ நகையோடோ தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் கைது, ரெண்டு வருஷம் வரை சிறை. பால் என்ன என்று முடிவு செய்யும் அதிகாரம் டாக்டர் கையிலும் போலீஸ் கையிலும் போனது இங்கேதான். சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டம் அப்போது வரவில்லை.

பெண்களுக்கான தனி இடங்கள் சட்டத்தில் வந்ததும் இதே காலத்தில்தான். 1890-ன் ரயில்வே சட்டம், 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் கடைசி வகுப்பில் ஒரு பெட்டி அறையாவது பெண்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்றது. ஐம்பது மைலுக்கு மேல் ஓடும் ரயில் என்றால் அதில் கழிப்பறையும் இருக்கணும். தெரிந்தே உள்ளே நுழையும் ஆணுக்கு நூறு ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து நூறு ரூபாய்! 1894-ன் சிறைச் சட்டம் பெண் கைதிகளைத் தனியே வைக்கச் சொன்னது. விடுதலைக்குப் பின் 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை கேட்டது. மில்லிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்த்த நம்ம பக்கத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும், அந்த ஒரு கதவும் தாழ்ப்பாளும் எவ்வளவு பெரிய விஷயம் என்று.

1950-ல் வந்த அரசியலமைப்பின் 15-வது பிரிவு பாலின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. அப்படியானால் பெண்கள் பெட்டி ஆண்களுக்கு எதிரான பாகுபாடா? அதற்குத்தான் மூன்றாம் உட்பிரிவு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம். நகராட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியதை எதிர்த்த வழக்கில், 1953-லேயே தலைமை நீதிபதி சாக்ளா இருந்த பம்பாய் உயர் நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் ஒதுக்கீட்டைக் காப்பாற்றியது. நம்ம பஸ்ஸின் மகளிர் சீட், இலவசச் சீட்டு, வார்டு ஒதுக்கீடு எல்லாமே இந்த ஒரு வரியில்தான் நிற்கின்றன. ஆனால் அந்த வரியிலும் ‘பெண்’ யார் என்று எழுதவில்லை.

சோதனை மேசை

எழுதாத இடத்தை யார் நிரப்பினார்கள்? பெரும்பாலும் டாக்டர்கள்.

புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை மறந்திருக்க மாட்டீர்கள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பால் சோதனை, தோல்வி, பதக்கம் பறிப்பு. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, செங்கல் சூளைக் குடும்பத்திலிருந்து ஓடி வந்தவர். அவருடைய உடம்பு எப்படிப்பட்டது என்று ஊர் உலகமெல்லாம் பேசியது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். நாகமுத்து முன்னால் இதே மாதிரி ஒரு வழக்கு முடிந்தது. கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகத் தேர்வான ஒருவரை, மருத்துவச் சோதனைக்குப் பிறகு ‘நீ பெண் இல்லை’ என்று வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தீர்ப்பில் அவருடைய உண்மைப் பெயரை எழுதாமல் ‘நங்கை’ என்று எழுதியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிலிருந்து பள்ளிச் சான்றிதழ் வரை பெண். தன்னைப் பெண் என்றே அறிந்தவர். கட்டாய மருத்துவச் சோதனையை வைத்து அதை மாற்ற முடியாது, அது அவருடைய அந்தரங்கத்தின் மீதான அத்துமீறல் என்று நீதிமன்றம் சொன்னது. வேலை திரும்பக் கிடைத்தது.

சாந்திக்கும் நங்கைக்கும் நடுவில் எட்டு வருஷம். சாந்திக்கு அப்படி ஒரு நீதிபதி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 15

தமிழ்நாட்டில் அரவாணிகள் நல வாரியம் 2008 ஏப்ரல் 15 அன்று வந்தது. அந்த நாளையே பின்னால் திருநங்கையர் நாளாக அறிவித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2014-ல் அதே ஏப்ரல் 15 அன்றுதான் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி.

இங்கிலாந்தில் 1970-ல் ஒரு திருமண வழக்கில், குரோமோசோம், சுரப்பி, பிறப்புறுப்பு இந்த மூன்றையும் வைத்துத்தான் பாலைத் தீர்மானிக்கணும் என்று ஒரு நீதிபதி சொல்லியிருந்தார். கார்பெட் வழக்கு என்பார்கள். நால்சா தீர்ப்பு அந்த உடற்கூறு அளவுகோலை ஒதுக்கிவிட்டு, மன அளவுகோலை எடுத்துக்கொண்டது. 15, 16-வது பிரிவுகளில் வரும் ‘பால்’ என்ற சொல்லுக்குள் பாலின அடையாளமும் அடங்கும் என்றது. அறுவை சிகிச்சை செய்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று அரசு கேட்பது சட்டவிரோதம் என்றது. படிக்கும்போது எனக்குப் பவணந்திதான் ஞாபகம் வந்தார். அவரை நீதிபதிகள் படித்திருக்க வாய்ப்பில்லை. கேள்வி ஒன்றாக இருந்தால் பதிலும் பக்கத்தில் வரும் போலிருக்கிறது.

அடுத்த வருஷமே அதற்குச் சோதனை வந்தது. சேலத்துப் பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ரெண்டே கட்டம். 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு வினாடி சொச்சம் பிந்தினார். 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த தேர்விலிருந்து மூன்றாவது கட்டம் வைக்கச் சொன்னது. 2017-ல் தருமபுரியில் பணியில் சேர்ந்தார்.

தூத்துக்குடி மணமகள்

எங்க ஊரிலிருந்து கோவில்பட்டி வழியாகப் போனால் தூத்துக்குடி. அங்கே சங்கர ராமேசுவரர் கோயிலில் 2018 அக்டோபர் 31 அன்று ஒரு கல்யாணம். மணமகன் ஆண், மணமகள் திருநங்கை. பதிவு செய்யப் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுப்பு. மாவட்டப் பதிவாளரும் அதையே உறுதி செய்தார். காரணம், இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ பெண்ணைத்தான் குறிக்கும் என்பது.

2019 ஏப்ரல் 22-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்ன தீர்ப்பு, ‘மணமகள்’ என்ற சொல் 1955-ல் உறைந்து நிற்கிற சொல் இல்லை, இன்றைய சட்ட நிலையோடு சேர்த்துத்தான் அதைப் படிக்கணும், தன்னைப் பெண்ணாக அறிந்த திருநங்கையும் அதில் அடங்குவார் என்றது. பதிவு செய்யவும் உத்தரவிட்டது. அதே தீர்ப்பில் இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு. இடைப்பால் உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளை ‘சரி செய்கிறோம்’ என்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கச் சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழியச் செய்யக் கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் நாம்தான்.

ஒரு வார்டு, ரெண்டு தீர்ப்பு

கல்யாணம் ரெண்டு பேர் சம்பந்தப்பட்டது. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் என்றால் போட்டி வருகிறது. அங்கேதான் உண்மையான கஷ்டம்.

மத்தியப் பிரதேசம் கட்னியில் பெண்களுக்கு ஒதுக்கிய மேயர் பதவியில் கமலா ஜான் என்ற ஹிஜ்ரா ஜெயித்தார். வழக்கு. அவர் சட்டப்படி ஆண், பெண்கள் இடத்தில் நின்றது செல்லாது என்று கீழ் நீதிமன்றம் சொல்ல, 2003-ல் உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. பதவி போனது. மகாராஷ்டிரத்தில் ஜல்கான் மாவட்டக் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலில் அஞ்சலி குரு சஞ்சனா ஜான் பெண்கள் வார்டில் மனு போட, தேர்தல் அதிகாரி தள்ளினார். 2021 ஜனவரி 2 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை அவரை நிற்க அனுமதித்தது. இனி எப்போதும் பெண்தான், சலுகைக்காக மாற மாட்டேன் என்று அவர் சொன்னதையும் பதிவு செய்துகொண்டது. ரெண்டுக்கும் நடுவில் இருப்பது நால்சா.

பெண்கள் தரப்பில் ஒரு கவலை வரலாம், அதை வெறுப்பு என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று வரவே 2016 ஆனது. இருக்கிற ஒரு கூடைக்குள் இன்னொரு பிரிவையும் போட்டுவிட்டு, ‘சமூக நீதி செய்தாச்சு’ என்று அரசு கையைத் தட்டிவிட்டால், விலை கொடுப்பவர்கள் ஏற்கெனவே குறைவாக வைத்திருப்பவர்கள். கவனித்தால் திருநர் இயக்கங்களே வேலைவாய்ப்பில் அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் தங்களுக்கென்று தனி உள் ஒதுக்கீடு கேட்கிறார்கள். கர்நாடகம் 2021-ல் ஒரு சதவீதம் அப்படிக் கொடுத்தது.

“கல்யாணத்துக்குப் பெண் என்கிறார்கள், வேலைக்குத் தனி என்கிறார்கள், எது சரி?” என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். ரெண்டும் சரிதான் என்று நினைக்கிறேன். மணமகள் என்பது ஒருவர் யார் என்ற கேள்வி. ஒதுக்கீடு என்பது யார் எவ்வளவு இழந்தார்கள் என்ற கேள்வி. ஒரு சொல்லே ரெண்டு கேள்விக்கும் பதிலாக இருக்கணும் என்று கட்டாயம் இல்லை.

லண்டன் போன வேறு பாதை

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நேர் எதிராகப் போனது. அங்கே 2010-ன் சமத்துவச் சட்டம் என்று ஒரே பெரிய சட்டம் இருக்கிறது. கழிப்பறை, மருத்துவமனை வார்டு, காப்பகம் போன்றவற்றைத் தக்க காரணம் இருந்தால் ஒரு பாலுக்கு மட்டும் நடத்த அது இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டம் முழுக்க ‘பெண்’ என்றால் உடற்கூறுப்படி பெண் என்றே பொருள், பாலின அங்கீகாரச் சான்று வைத்திருந்தாலும் மாறாது என்று தீர்ப்பு. சட்டம் முழுவதற்கும் ஒரே பொருள் இருந்தால்தான் நடத்துபவர்களுக்குக் குழப்பம் இருக்காது என்பது அதன் வாதங்களில் ஒன்று. அதே சமயம் திருநருக்கு எதிரான பாகுபாட்டைச் சட்டம் தனியாகத் தடுக்கிறது என்றும் சொன்னது.

நம்மிடம் அப்படி ஒரே சமத்துவச் சட்டம் இல்லை. அதனால் நம் நீதிமன்றங்கள் ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாக எடுத்து, இது எதற்காக எழுதப்பட்டது என்று கேட்கின்றன. இதில் நன்மை உண்டு. மோசமான விளைவும் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆள் கோர்ட் படி ஏறணும்.

இன்னும் ஏறாத படிகள் இருக்கின்றன. 2019-ன் திருநர் பாதுகாப்புச் சட்டம், நால்சா சொன்னதற்கு மாறாக, மாவட்ட ஆட்சியர் சான்று கேட்டது. அதிலும் ‘திருநர்’ என்ற சான்றுதான். ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு சான்று. அந்தச் சட்டம் எழுதப்பட்டபடி, திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு உச்சபட்சத் தண்டனை ரெண்டு வருஷம். பெண் மீதான வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்து வருஷம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ‘பாலினம்’ என்ற விளக்கத்தில் திருநரைச் சேர்த்தது. ஆனால் ‘பெண்’ என்ற விளக்கத்தை 1860-ல் இருந்தபடியே வைத்துக்கொண்டது. ‘பெண்’ என்ற சொல்லுக்குள் இருப்பதும் வெளியே நிற்பதும் இங்கே எட்டு வருஷ வித்தியாசம்.

கழிப்பறையும் அப்படித்தான். 2017-ல் மத்திய அரசின் தூய்மை இந்தியா வழிகாட்டுதல், பொதுக் கழிப்பறையில் விருப்பமான பக்கம் போகலாம் என்றது. 2020-ன் விதிகள் தனிக் கழிப்பறை கட்டச் சொல்கின்றன. எங்க பக்கத்தில் நான் பார்த்த கட்டணக் கழிப்பறைகளில் கதவு ரெண்டுதான். எந்தக் கதவுக்குள் போகலாம் என்பது அன்றைக்கு வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருப்பவரின் மனசைப் பொறுத்தது. தாழ்ப்பாள் உள்ள தனித்தனி அறைகளாகக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பூக்கார அம்மாவுக்கும் அதுதான் வேணும், பக்கத்தில் இருந்தவருக்கும் அதுதான் வேணும்.

பஸ்ஸுக்கே திரும்பி வருகிறேன். கண்டக்டர் சொன்ன கணக்கிலும் நியாயம் இருக்கு. எத்தனை திருநங்கையர் பயணம் செய்கிறார்கள் என்று எண்ணினால்தானே திட்டம் போட முடியும், நிதி கேட்க முடியும்? எண்ணணும். ஆனால் அந்த எண்ணிக்கையைக் கண்டக்டர் முகத்தைப் பார்த்துத்தான் செய்யணுமா? உரிமைத் தொகை விதியில் ‘குடும்பத் தலைவி’ என்று எழுத முடிந்த அரசுக்கு, எந்தச் சீட்டு வேணும் என்று கண்டக்டர் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்ப எவ்வளவு நேரமாகும்? ஒரு பைசா கூடச் செலவு இல்லை.

கரிவலம் நிறுத்தத்தில் அவர் இறங்கினார். பூக்கூடையை மேலிருந்து தூக்கி இறக்கிக் கொடுத்தார். “வாரேன்க்கா” என்று அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது.